'பிரேக்கிங் பேட்' முதல் எபிசோடு ஏன் கதையின் நடுவில் தொடங்குகிறது?

வெறும் பரபரப்புக்காகத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பரபரப்பு அதில் பாதி வேலைதான்.

2008இல் வந்த இந்த அமெரிக்க டிவி தொடரின் அந்த எபிசோடில் முதலில், பாலைவனத்தில் ஒரு பேன்ட் காற்றில் பறந்து வந்து விழும். ஜட்டியோடும் முகமூடியோடும் ஒருவர் வேனைத் தாறுமாறாக ஓட்டி வருவார். வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு, வீடியோ கேமராவில் தன் பெயரையும் முகவரியையும் சொல்லி, குடும்பத்திடம் பேசுவார். அப்புறம் துப்பாக்கியோடு சாலையில் போய் நிற்பார். கதை மூன்று வாரம் பின்னால் போகும்.

அங்கே இருப்பது ஒரு வேதியியல் ஆசிரியரின் சலிப்பான வாழ்க்கை. வரிசையாகச் சொல்லியிருந்தால் பலரும் சேனலை மாற்றியிருப்பார்கள். இப்போதோ, 'இவரா அப்படி ஆனார், எப்படி?' என்ற கேள்வியோடு ஒவ்வொரு சின்ன அவமானத்தையும் கவனிக்கிறோம். வகுப்பில் தான் கண்டித்த மாணவனின் கார் டயரையே, பள்ளி முடிந்தபின் கார் கழுவும் இடத்தில் தரையில் உட்கார்ந்து துடைக்கிறார். அவன் கேலி செய்கிறான். விளக்க வசனம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த எபிசோடின் உயிரே இந்தக் காட்சிதான் என்பேன்.

வீடியோ கேமில், பாத்திரத்தோடு நம்மை ஒட்டவைக்கும் இதே வேலையை நம் கையே செய்யும். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) தொடக்கத்தில் நாம் இயக்குவது நாயகன் ஜோயலை அல்ல, அவன் மகள் சாராவை. இருட்டு வீட்டில் அப்பாவைத் தேடி அறை அறையாக நடந்தது நாமே என்பதால்தான், சற்று நேரத்தில் அவள் சாகும்போது அப்படி வலிக்கிறது.