வில்லுக்கு எந்தப் பட்டை, எவ்வளவு டேப்பர்?

கேள்வி: 40 இறாத்தல் இழுவைக்குப் பட்டைகளை ஒட்டி வில் செய்யப்போகிறேன். நடுவுக்குத் தேக்கா, மூங்கிலா? எல்லாப் பட்டையும் ஒரே தடிப்பில் இருந்தால் போதுமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, மரத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். வில்லின் முதுகிலும் (எய்பவருக்கு எதிர்ப்பக்கம்) வயிற்றிலும் (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) ஃபைபர் கிளாஸ் ஒட்டினால் பாரத்தைப் பெரும்பாலும் அதுதான் தாங்கும். நடுப்பட்டை அந்த இரண்டையும் விலக்கிப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, எபொக்சிப் பசை ஒட்டுவது வம்பு. முற்றிய மூங்கிலே போதும். ஆனால் படகு ஒட்டும் ஃபைபர் கிளாஸ் நெசவுத் துணியை வாங்கிவிடாதீர்கள். நார் எல்லாம் நீளவாக்கில் ஓடும் வில் தகடு வேண்டும். அது கிடைக்காமல் மூங்கிலையே முதுகுக்கு வைப்பதானால், மேலே உள்ள மெழுகுத் தோலை மட்டும் சுரண்டுங்கள். பலமான நார் அதற்கு அடியில்தான் இருக்கிறது.

டேப்பர், அதாவது நுனியை நோக்கிப் பட்டையின் தடிப்பு மெலிந்து போவது, அதுதான் பெரிய விஷயம். அகலம் கைப்பிடியிலிருந்து நுனிவரை ஒரே நேராகக் குறுகினால் சம தடிப்புப் பட்டை சரிவரும். அகலம் பாதி தூரத்துக்கு மாறாமல் போகும் வில்லில் அது சரிவராது. வளைவெல்லாம் கைப்பிடிக்குப் பக்கத்தில் விழும். நுனி கட்டையாக நிற்கும், அதன் பாரம் அம்பின் வேகத்தைத் தின்னும். மொத்தம் மீட்டருக்கு 2 மி.மீ. மெலிவில் தொடங்குங்கள், மீட்டருக்கு 1 மி.மீ. மெலியும் இரண்டு பட்டையாகப் பிரித்துக்கொள்ளலாம். 4 மி.மீ.ஐத் தாண்டினால் நுனி குழைந்துவிடும்.

சீவுளியை நம்பாதீர்கள். லேசான ஆப்பு வடிவில் செய்த பலகைமேல் பட்டையை வைத்து, மர ஆலையில் டிரம் சேண்டரில் (உருளை மணல்தாள் இயந்திரத்தில்) விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சாணிலும் வேர்னியர் (தடிப்பை நுட்பமாக அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். தடிப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு கால்வாசிக்கு மேல் போய்விடும். உங்கள் 40 இறாத்தல் வில் 29க்கு வந்து நிற்கும்! இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

அப்புறம், நம்ம மலைப் பனி. பட்டைகளை அடுப்புக்கு மேலே பரணில் போட்டு, வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுங்கள். நிறை இறங்குவது நின்ற பிறகுதான் ஒட்ட வேண்டும். இரவுக் குளிரில் எபொக்சி இறுகாது. பெட்டி ஒன்று அடித்து உள்ளே குண்டு பல்ப் எரிய விடுங்கள். கிளாம்பை முரட்டுத்தனமாகத் திருகவும் வேண்டாம், பசை முழுவதும் வழிந்து ஒட்டு வறண்டுவிடும். ஓரம் முழுக்க மெல்லிய கோடாகப் பசை பிதுங்கினால் அந்த இறுக்கம் போதும்.