ஜப்திக்குப் போன மாடுகளும் ஹிட்லருக்கு விழுந்த ஓட்டும்: கேள்வி பதில்

தள்ளாடுகிற ஜனநாயகங்களில் வெறுப்புக் கட்சிகளுக்கு ஓட்டு எங்கிருந்து வருகிறது என்று, கோட்டூர்புரத்தில் நடந்த எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு நீண்டுவிட்டது. மிச்சமிருந்த கேள்விகளைச் சீட்டில் எழுதி, வரலாறு வாத்தியார் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கே: ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள்தானே சார் ஹிட்லரைத் தூக்கிவிட்டார்கள்? (வங்கி ஊழியர், தாம்பரம்)

ப: பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். 1932 தொடக்கத்தில் அங்கே சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. ஆனால் வேலை போன தொழிலாளர்கள் அதிகமாகச் சாய்ந்தது கம்யூனிஸ்டுகள் பக்கம். நாஜிகளுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள், இருப்பதும் போய்விடுமோ என்று பயந்தவர்கள்: சிறு விவசாயிகள், கடைக்காரர்கள், குறிப்பாகப் புராட்டஸ்டன்ட் கிராமத்து ஜனங்கள்.

வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணம். கடனும் வரியும் விவசாயியின் கழுத்தைப் பிடித்திருந்த சமயம். 1928 நவம்பரில் பைடன்ஃப்ளெத் என்ற கிராமத்தில் வரி பாக்கிக்காக மாடுகளை ஜப்தி செய்து ஓட்டிப் போக ஆள் வந்தபோது, ஊர்க்காரர்கள் வழியில் வைக்கோலைக் கொளுத்தி மறித்தார்கள். அந்த ஆண்டு மே தேர்தலில் அந்த மாகாணத்தில் நாஜிகளுக்குக் கிடைத்தது 4 சதவீதம். 1932 ஜூலையில் 51. இதே காலத்தில் நாடு முழுக்க 2.6 சதவீதம் 37 ஆனது. அதுவரை அந்த ஜனங்கள் நம்பியிருந்த பழைய கட்சிகள் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை என்ற கோபம் ஊரெல்லாம் இருந்தது. நாஜிப் பேச்சாளர்களோ குக்கிராமம் வரை வந்தார்கள். கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் வேறு வாங்கினார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்துச் சேர்த்த கூட்டமில்லை, காசு கொடுத்து உள்ளே போன கூட்டம். நம்மூர்க்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

கே: 1923 பணவீக்கம்தான் காரணம் என்கிறார்களே? (பட்டயக் கணக்காளர், தி.நகர்)

ப: அது மட்டும் காரணமென்றால் 1928-ல் 2.6 சதவீதத்தில் நின்றிருக்க மாட்டார்கள். சேமிப்பு கரைந்த நடுத்தர வர்க்கத்துக்குப் பழைய கட்சிகள் மேல் இருந்த பிடிப்பு அப்போதே விட்டுப்போனது. 1930-க்குப் பிறகு பிரதமர் ப்ரூனிங்கின் அரசு சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டியது. நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஜனாதிபதியின் அவசரச் சட்டங்களை வைத்தே ஆண்டது. மிச்சம் மீதி நம்பிக்கையும் அதில் போயிற்று.

கே: 37 சதவீதம் பெரும்பான்மை இல்லையே, ஆட்சி எப்படிக் கிடைத்தது? (கல்லூரி மாணவி, குரோம்பேட்டை)

ப: இதைத்தான் கேட்கணும், அம்மா. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் 33 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். 230 இடம் 196 ஆனது. இறங்குமுகத்தில் இருந்தவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் பிரதமராக நியமித்தார். ஹிட்லரை நாம் அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தவர் முன்னாள் பிரதமர் பாப்பன். இத்தாலியிலும் இதே கதைதான். 1921-ல் பிரதமர் ஜொலிட்டி தன் கூட்டணிப் பட்டியலில் முசோலினி ஆட்களுக்கு இடம் கொடுத்தார், மறு வருடம் மன்னரோ முசோலினிக்குப் பிரதமர் பதவியே கொடுத்தார். ஓட்டுப் போட்டவர்களைத் திட்டுகிற அளவுக்கு இந்தப் பெரிய மனிதர்களை யாரும் திட்டுவதில்லை.

கே: பசிக்கு அரிசி பருப்பு கொடுக்கிற கட்சியை நம்பினால் தப்பா? (மகளிர் சுயஉதவிக் குழு, வியாசர்பாடி)

ப: தப்பில்லை, அக்கா. யாருக்கு இல்லை என்கிறார்கள் என்று பாருங்கள். கிரீஸில் கோல்டன் டான் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 2009-ல் 0.29 சதவீதம். 2012 மே தேர்தலில் கிட்டத்தட்ட 7 சதவீதம், 21 இடம். அதே தேர்தலில், அதுவரை ஆண்ட பாசோக் கட்சி 44-லிருந்து 13-க்கு விழுந்தது. அந்த ஆகஸ்டில் ஏதென்ஸ் நாடாளுமன்றத்துக்கு எதிரே சின்டாக்மா சதுக்கத்தில் கோல்டன் டான் ஆட்கள் சாப்பாட்டுச் சாமான்கள் விநியோகித்தார்கள். அடையாள அட்டையைக் காட்டிக் கிரேக்கர் என்று நிரூபித்தால்தான் பை கைக்கு வரும். 2015 வெள்ளத்தில் நம் தெருக்களில் சாப்பாடு கொடுத்த பையன்கள் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை (ஸ்டிக்கர் ஒட்டிய விவகாரம் தனி).

2013-ல் பாவ்லோஸ் ஃபிசாஸ் என்ற பாடகரை அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் கொன்றார். அதற்குப் பிறகும் 2015-ன் இரண்டு தேர்தல்களிலும் 6 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 2019-ல்தான் வெளியே போனார்கள். 2020-ல் நீதிமன்றம் அதைக் குற்றவியல் அமைப்பு என்றே தீர்ப்பளித்தது.

கே: என் பெரியப்பா அறுபதுகளில் பம்பாயிலிருந்து மூட்டை கட்டி வந்தவர். அதுவும் இந்த ரகமா? (ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

ப: ஆரம்பம் அதே ரகம்தான், ஐயா. 1966-ல் சிவசேனா தொடங்குவதற்கு முன்பே பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டது. உடுப்பி ஓட்டல்கள் அடிவாங்கின. மராத்தி இளைஞர்களுக்கு வேலை கிடைக்காதது நிஜம். பழி டைப்ரைட்டர் முன் உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் மேல் விழுந்தது. ஆனால் கட்சியை நிலைக்க வைத்தது பேட்டைக்குப் பேட்டை இருந்த ஷாகாக்கள், அதாவது கிளை அலுவலகங்கள். தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினையோ வேலைக்குச் சிபாரிசோ, போய் நின்றால் கேட்க ஆள் இருந்தது. நாஜிகளோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். தேர்தலில் தோற்றபோது இறங்கிப் போன கட்சி இது.

கே: தடை செய்துவிட்டால் போதாதா? (வழக்கறிஞர், அண்ணா நகர்)

ப: நாஜிக் கட்சியை 1923-லேயே தடை செய்தார்கள், 1925-ல் திரும்பி வந்தது. தடையில்லாமலே தோற்கடித்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பெல்ஜியம். 1936-ல் டெக்ரெல் என்பவரின் ரெக்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 21 இடம் பிடித்தது. அந்தத் தெம்பில் 1937-ல் பிரஸ்ஸல்ஸில் ஓர் இடைத்தேர்தலை வரவழைத்து டெக்ரெலே நின்றார். எதிரே பிரதமர் வான் ஸீலண்டே இறங்கினார். கத்தோலிக்கர், லிபரல், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட், ஒருவரும் தனி வேட்பாளர் போடவில்லை. டெக்ரெலுக்குக் கிடைத்தது 19 சதவீதம். அவர் கத்தோலிக்கக் கட்சி வட்டாரத்திலிருந்து வந்தவர். வாக்குப்பதிவுக்கு முன்பு கார்டினலே அவரைக் கண்டித்து அறிக்கை விட்டுவிட்டார். 1939-ல் ரெக்ஸுக்கு 4 இடம்.