காளான் கொட்டகையில் மொய்ப்பது கொசுவா?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறை பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை கட்டிச் சிப்பிக்காளான் போட்டிருக்கிறோம். பைகளைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசுக்கள் மொய்க்கின்றன, கடிப்பதில்லை. ‘சியாரிட்’ ஈ என்கிறார்கள். நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈக்கு இது சொந்தம் என்கிறார் நண்பர். நெல் வயலிலேயே வளர்ந்த அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர் சொன்னதுதான் சரி. சியாரிட், ஆனைக்கொம்பன் இரண்டுமே சியாராய்டியா என்ற பெரிய குலத்தைச் சேர்ந்தவை. கொசு அந்தக் குலமே இல்லை. ஈக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2011இல் வந்த பெரிய ஆய்வின்படி, உங்கள் கொட்டகை ஈ கொசுவைவிட வீட்டு ஈக்குத்தான் நெருக்கம். எனக்கு இது இன்னும் வியப்புதான். மெலிந்த உடம்பும் நீண்ட காலும் எல்லா ஈக்களின் பழைய மூதாதைக்கும் இருந்தவை. வீட்டு ஈயின் வழி அவற்றை இழந்துவிட்டது, மற்றவை வைத்திருக்கின்றன. அதனால் அந்தச் சாயலை வைத்து உறவு சொல்ல முடியாது.

செத்த ஈ ஒன்றை லென்ஸில் பாருங்கள். இறக்கையின் நடுவே ஒரு நரம்பு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். உணர்கொம்புகளுக்கு மேலே இரண்டு கண்களும் மெல்லிய பாலம்போல ஒட்டியிருக்கும். இப்படி ஒட்டிய கண் ஆனைக்கொம்பனின் குடும்பத்திலும் உண்டு. ஆனாலும் அந்தக் குடும்பம் குலத்தில் எந்தக் கிளையில் சேரும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எந்தக் குடும்பத்திலும் சேர்க்க முடியாமல் நிற்கும் பேரினங்கள்கூட (நெருங்கிய இனங்களின் தொகுப்புகள்) இந்தக் குலத்தில் இருக்கின்றன.

அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்: ஆனைக்கொம்பனின் குடும்பத்தில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள். அதன் பழைய கிளைகள் இன்றும் பூஞ்சையைத் தின்றுதான் பிழைக்கின்றன. பயிருக்குத் தாவியது பின்னால் வந்த கிளைகள். அப்படித் தாவிய ஒன்றுதான் நெற்குருத்துக்குள் புகுந்து, அதை வெங்காயத்தாள் மாதிரி வெள்ளைக் குழலாக்குகிறது. நியூசிலாந்தின் வைடோமோ குகையில் நீல ஒளி விடும் புழுவும் இதே குலம்தான்.

அப்புறம், பையைப் பிரித்துப் புழுவையும் பாருங்கள். வெள்ளை உடம்பும் மினுங்கும் கறுப்புத் தலையும் இருந்தால் சியாரிட். தலையே தெரியாமல் ஆரஞ்சு நிறத்தில் நெளிந்தால் அது ஆனைக்கொம்பனின் குடும்பம். அந்தப் புழு ஈயாக மாறாமலே, தன் உடம்புக்குள் குட்டிப் புழுக்களை வளர்த்துப் பெருகும். ஆகவே ஆரஞ்சுப் புழு கண்ட பையை அன்றைக்கே கொட்டகையிலிருந்து அகற்றிவிடுங்கள்.