எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மலர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு எண்பது வயது நிறைகிறது. மலர் போடுகிறோம், தொகுக்கும் பொறுப்பு எனக்கு. நான்கு முறை வென்றவர். அவர் கொண்டுவந்த பாலம், பேருந்து நிலையம், பள்ளிக் கட்டடம் எல்லாவற்றையும் பட்டியலிட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் தேவதாசி முறை பற்றிய விவாதத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் புகழ்பெற்ற பதிலடியைப் போடலாமா? வேறு என்ன சேர்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியலைப் பார்த்தேன். ராத்திரி கண்விழித்துத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள், தெரிகிறது. இந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவருக்காக யார் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? ஆனால், நான்கு முறை சட்டசபைக்குள் போனவர் அங்கே என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லையே அம்மா! பாலத்தைக் கட்டியது நெடுஞ்சாலைத் துறை. அவர் மனுவோடு அலைந்திருப்பார், மறுக்கவில்லை. அதற்கு மட்டும்தானா ஓட்டுப் போட்டோம்?

அந்தப் பதிலடி வேண்டாம். கைப்பேசிக்குக் கைப்பேசி ஒரு விதமாகச் சுற்றுகிறது. ஆனால் முத்துலட்சுமி என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன்.

தாய்வழியில் தேவதாசி மரபில் வந்தவர். 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம் என்றபோது, மருத்துவத் தொழில் கெட்டுவிடுமோ என்று தயங்கினார். 1927இல் சபையின் துணைத் தலைவர். 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்து ராஜினாமா. நான்கு வருடம்கூட முழுசாக இல்லை. உங்கள் ஆள் நான்கு முறை!

பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தீர்மானம் என்பது சபையின் விருப்பம், அவ்வளவுதான். அவர் அடுத்துக் கை வைத்தது நிலத்தில். கோயில் சேவைக்காகத் தாசிகளுக்கு மானிய நிலம் இருந்தது. சேவை நின்றால் நிலம் போகும். நிலம் கையில் நிற்க வேண்டுமென்றால் வீட்டில் அடுத்த பெண்ணுக்கும் பொட்டுக்கட்ட வேண்டும். ஒரு தாய் மகளைக் கோயிலுக்கு விட்டதில் பக்தி எவ்வளவு, பட்டா எவ்வளவு? தாசிகளிலேயே பலர் சட்டம் வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். சோற்றுக்கு வழி சொல்லாமல் வழக்கத்தை விடு என்றால் யார் விடுவார்கள்?

1929இல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. சேவைக் கட்டாயத்திலிருந்து அந்த நிலத்தை விடுவிக்க அது வழிசெய்தது. இனி சேவை செய்யாவிட்டாலும் நிலம் போகாது. கேட்கக் கணக்குப்பிள்ளை சமாச்சாரம்போல இருக்கிறதா? அங்கேதான் முடிச்சு இருந்தது, அதை அவர் கண்டுபிடித்தார். முழுத் தடைச் சட்டம் வர 1947 ஆயிற்று, அவர் சபையை விட்டுப் பதினேழு வருடம் கழித்து. மேடைக்குத் தீர்மானம் போதும். சட்டசபைக்கு ஆள் அனுப்புவது இந்த மாதிரி ஷரத்துக்காக.

எங்கள் ஊரில் தோற்றுப்போன பழைய எம்.எல்.ஏ. ஒருவர் இருந்தார். திண்ணையில் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். வெற்றிலைச் சாறு பட்ட ஒரு பக்கத்தைப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டுவார். வாய்க்காலைக் கவனிக்கும் ஊழியர்களான லஸ்கர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தக் கேட்டு அவர் கொடுத்த வெட்டுத் தீர்மானம், அவர்கள் துறைக்கு ஒதுக்கும் பணத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று. சம்பளத்தைக் கூட்டக் கேட்பவர் எதற்குப் பணத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று சின்னப் பையனாகச் சிரித்திருக்கிறேன். அந்தத் துறையைப் பற்றிச் சபையில் வாய் திறக்க அதுதான் வழி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் உயர்ந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

சரி, உங்கள் மலர். அட்டை, தாள், படம் எல்லாம் அச்சகத்தார் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போங்கள். எந்த மசோதாவில் பேசினார், யார் குறுக்கிட்டார்கள், கட்சிக் கொறடா எப்போது உட்காரச் சொன்னார் என்று கேளுங்கள். எண்பது வயதில் தேதி முன்பின் ஆகும். அச்சான குறிப்புகளில் சரிபாருங்கள். ஒரே ஒரு பேச்சு தேறினாலும் அதை முழுதாகப் போடுங்கள். பொன்னாடைப் படங்களில் பாதியை எடுத்துவிட்டால் இடம் தாராளமாக இருக்கும்.