முந்திரிக்காட்டு ஓரம் பார்த்த பழுப்புக் குருவி

பண்ருட்டி பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டிய செம்மண் தரிசில், சிட்டுக்குருவி அளவுள்ள பழுப்புப் பறவை ஒன்று வேலிக்கல்லிலிருந்து எழும்பி, பாடிக்கொண்டே இறங்கியதைப் பார்த்திருக்கிறீர்கள். அது நெட்டைக்காலியா (pipit), வானம்பாடியா (lark) என்று கேட்கிறீர்கள்.

நிறத்தையும் அளவையும் முதலில் மறந்துவிடுங்கள். இரண்டும் மண்நிறம், இரண்டும் 15 செ.மீ. சுற்றித்தான் இருக்கும். அலகைப் பாருங்கள். நெட்டைக்காலிக்கு மெல்லிய அலகு, நீண்ட கால், நீண்ட வால். நிமிர்ந்து ஓடும், நிற்கும், வாலை ஆட்டும். வானம்பாடிக்கு அலகு தடிமன், வால் குட்டை, உடம்பு உருண்டை.

நீங்கள் பார்த்தது ஜெர்டான் புதர்வானம்பாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேலிக்கல், புதர் உச்சி, கம்பி என்று ஏதாவது ஒன்றிலிருந்து எழும்பும்; சிறகை மேலே தூக்கி, காலைத் தொங்கவிட்டு, பாராசூட் மாதிரி மெல்ல இறங்கும். அந்த இறக்கத்தை ஒருமுறை நின்று பார்த்தவர் மறக்க மாட்டார்! நெட்டைக்காலியும் பறந்து பாடும் என்பதால் குரலையும் கவனியுங்கள். அதன் பாட்டு ‘சிப் சிப் சிப்’ என்று ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது போலிருக்கும்; புதர்வானம்பாடியுடையது இழுத்து இழுத்து வரும் உலர்ந்த, உலோகச் சத்தம்.

அப்புறம் சிறகு. புதர்வானம்பாடி எழும்பும்போது சிறகில் செம்பழுப்பு பளிச்செனத் தெரியும். வால் ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் அது நெட்டைக்காலி. உட்கார்ந்திருக்கும் படத்தைவிட, மங்கலாக இருந்தாலும் பறக்கும் படமே எனக்கு உதவும். செல்போனில் குரலையும் பதிவு செய்யுங்கள்.

அதே தரிசில் சாம்பல்தலை வானம்பாடியும் இருக்கும். ஆணின் வயிறு கறுப்பு, குழப்பமே வராது. பெண்தான் சிட்டுக்குருவிப் பெட்டை மாதிரி ஏமாற்றும். பக்கத்தில் ஆண் இருக்கிறதா என்று தேடுங்கள். குளிர்காலத்தில் வலசை வரும் பெரிய நெட்டைக்காலிகளும் உண்டு, டிசம்பர் படங்களை அவசரப்பட்டுப் பெயரிட வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். இவை எல்லாமே தரையில், புல் தூரின் அடியில் கூடு வைப்பவை. வாயில் புழுவோடு உங்களையே பார்த்துக் கத்தினால் குஞ்சு பக்கத்தில் இருக்கிறது. வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். பதிவு செய்த குரலை அதற்குப் போட்டுக் காட்டவே வேண்டாம்.