அப்பா வேலை பார்த்த கம்பெனியில் போட்ட இன்சூரன்ஸை எப்படித் தேடிப் பிடிப்பது?

"அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. 'கம்பெனியில எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று அடிக்கடி சொல்வார். பாண்டு கையில் இல்லை, பாலிசி நம்பர் தெரியாது, கம்பெனியையும் மூடிவிட்டார்கள். எங்கே போய்க் கேட்பது?" இதுதானே உங்கள் கேள்வி?

2020 தொடக்கத்தில் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். அப்பா கோவையில் ஒரு நூல் மில்லில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 1999இல் மில்லை மூடினார்கள். 2019இல் அப்பா காலமானார். அவர் சொல்லிக்கொண்டிருந்த "மில்லு எல்.ஐ.சி" என்பது என்ன என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

வீட்டில் "கம்பெனி இன்சூரன்ஸ்" என்று சொல்வது இரண்டு வேறு வேறு சமாச்சாரங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று குரூப் இன்சூரன்ஸ். கம்பெனி தன் பெயரில் ஒரே பாலிசியாக எடுத்து, வேலையில் இருப்பவர்களை அதில் சேர்த்துவிடும். பொதுவாக வேலையில் இருக்கும்போது இறந்தால்தான் பணம். வேலையை விட்டதும் அதுவும் முடிந்துவிடும். இன்னொன்று சேலரி சேவிங்ஸ் ஸ்கீம், சுருக்கமாக எஸ்.எஸ்.எஸ். இதில் பாலிசி தொழிலாளியின் சொந்தப் பெயரில் இருக்கும். பிரீமியத்தை மட்டும் கம்பெனி சம்பளத்தில் பிடித்து எல்.ஐ.சிக்குக் கட்டும். வேலை போனாலும், கம்பெனியே போனாலும், பாலிசி அப்பாவுடையதுதான். உங்கள் அப்பாவுடையது இதில் எது என்று தெரியாமல் எந்த ஆபீஸ் படி ஏறினாலும் அலைச்சல்தான் மிச்சம்.

அதைச் சொல்லிவிடும் ஒரே காகிதம் பழைய சம்பளச் சீட்டு. எங்கள் வீட்டில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டு நகலுக்கு அடியில், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இருந்தது. ரப்பர் பேண்டு இளகிக் காகிதத்தோடு ஒட்டிப்போய், பிரிக்கும்போது மேல் சீட்டு பாதி கிழிந்தது. உள்ளே இருந்தவற்றில் பி.எஃப், ஈ.எஸ்.ஐ, கேன்டீன், சொசைட்டி கடன், அதற்குக் கீழே "எல்.ஐ.சி 52.00". மாதாமாதம் அதே 52 ரூபாய். குரூப் இன்சூரன்ஸ் என்றால் ஆளுக்கு ஆள் தனித்தனியாக இப்படி நீண்ட நாள் பிடித்தம் பெரும்பாலும் இருக்காது. ஆக, எஸ்.எஸ்.எஸ். (உங்கள் அப்பாவின் சீட்டில் பி.எல்.ஐ என்று இருந்தால் அது அஞ்சல் துறை இன்சூரன்ஸ், எல்.ஐ.சிக்குப் போகாதீர்கள், தபால் ஆபீஸுக்குப் போங்கள்.)

நம்பர் இல்லாமல் என்ன செய்வது? எல்.ஐ.சி இணையதளத்தில் உரிமை கோரப்படாத தொகையைத் தேட ஒரு பக்கம் இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் போதும். பாலிசி நம்பரும் பான் நம்பரும் இருந்தால் போடலாம். மற்ற இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இப்படி ஒரு பக்கம் வைத்திருக்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ ஆணையத்தின் விதி. ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது வங்கி டெபாசிட்டுக்கு மட்டும்தான்.

நான் அப்பாவின் பெயரைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. இனிஷியலை முன்னால் போட்டேன், பின்னால் போட்டேன், ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் அம்மா சொன்னார்: "அவருக்கு ஸ்கூல் சர்டிபிகேட்ல தேதி வேறடா." பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தன் இஷ்டத்துக்கு ஜூன் 1 என்று எழுதிவிட்டார். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள்! நாங்கள் வீட்டில் கொண்டாடிய தேதியைத்தான் நான் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிச் சான்றிதழ் தேதியைப் போட்டதும் ஒரு வரி வந்தது.

அப்படியும் வராவிட்டால் இன்னொரு வழி உண்டு. எஸ்.எஸ்.எஸ் சேர்ந்த ஒவ்வொரு கம்பெனிக்கும் எல்.ஐ.சியில் ஒரு கோடு எண் இருக்கும். அந்தக் கம்பெனியின் பாலிசிகளைப் பார்த்துக்கொள்ளும் கிளையும் இருக்கும். அதனால் அப்பாவோடு வேலை பார்த்த யாராவது ஒருவரின் பாண்டைப் பார்த்தாலே எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். எந்தக் கிளை என்று தெரிந்துகொள்ள நானும் அப்பாவின் ஷிப்டுக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். "ஏங்கண்ணு, உங்கப்பனும் நானும் ஒரே நாள்லதான் போட்டோம். டைம் ஆபீஸ்ல உக்கார வெச்சுக் கையெழுத்து வாங்குனாங்க" என்று தன் பாண்டு நகலை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த கிளைக்கே நேராகப் போனேன்.

கம்ப்யூட்டரில் வந்தது இதுதான். 1987இல் தொடங்கிய 25 வருட எண்டோமென்ட் பாலிசி (நடுவில் இறந்தாலும், காலம் முடிந்தாலும் பணம் தருவது), காப்புத் தொகை 15,000 ரூபாய். மில் மூடிய பிறகு பிரீமியம் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் பாலிசிகளில் மூன்று வருடம் கட்டிவிட்டால் கட்டிய அளவுக்கு 'பெய்டு அப்' ஆகிவிடும், செத்துப்போகாது. இருபத்தைந்தில் பன்னிரண்டு வருடம் கட்டியதால் 7,200 ரூபாய், அதுவரை சேர்ந்த போனஸ் தனி. 2012இல் முதிர்வு. அப்போது அப்பா நன்றாகத்தான் இருந்தார். ஆனால் பாலிசியில் மில் குவார்ட்டர்ஸ் முகவரியை அவர் மாற்றவே இல்லை. குவார்ட்டர்ஸ் லைனை இடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். மூடுவதற்கு முந்தைய சில மாதங்கள் மில் சம்பளத்தில் பிடித்திருக்கிறது, கட்டவில்லை. பெய்டு அப் கணக்கில் எங்களுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்து, கம்பெனி பிரீமியத்தைக் கட்டாமல் விட்டிருந்தால்? முழுத் தொகையா, ஒன்றுமே இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் பிரீமியம் வசூலிக்கும் கம்பெனி எல்.ஐ.சியின் ஏஜென்ட் மாதிரிதான், கம்பெனியின் தவறுக்காகக் குடும்பத்துக்குப் பணம் மறுக்க முடியாது என்ற அடிப்படையில் 1999இலும் 2005இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதை நிரூபிக்கவும் கையில் வேண்டியது சம்பளச் சீட்டுதான். கிழிந்த சீட்டானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

உங்கள் அப்பா வேலையில் இருக்கும்போது இறந்தாரா, விட்ட பிறகா என்று நீங்கள் எழுதவில்லை. வேலையில் இருக்கும்போது என்றால், பி.எஃப் பிடித்த கம்பெனியாக இருக்கும் பட்சத்தில் இ.டி.எல்.ஐ என்று ஒரு இன்சூரன்ஸ் இருக்கும். 1976 ஆகஸ்டில் வந்த திட்டம். தொழிலாளி சம்பளத்தில் இதற்கு ஒரு பைசா பிடிப்பதில்லை, கம்பெனிதான் கட்டும். அதனாலேயே சம்பளச் சீட்டில் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது. பி.எஃப் பணத்தை வாங்கிக்கொண்டு இதை விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். இப்போது உச்சவரம்பு 7 லட்சம். பழைய மரணங்களுக்கு அன்றைய விதிப்படிதான் கணக்கு. 5 ஐ.எஃப் என்ற படிவத்தைப் பி.எஃப் ஆபீஸில் கொடுக்க வேண்டும். கம்பெனி மூடிவிட்டதால் கையெழுத்துக்கு ஆள் இல்லையே என்று நிற்க வேண்டாம், வங்கி மேலாளரோ கெஜட்டட் ஆபீசரோ சான்றொப்பம் போடலாம். சில கம்பெனிகள் இ.டி.எல்.ஐக்குப் பதிலாக எல்.ஐ.சியில் குரூப் பாலிசி எடுத்திருப்பார்கள். அது சாதாரணக் கிளையில் தெரியாது, பி அண்ட் ஜி.எஸ் (பென்ஷன் அண்ட் குரூப் ஸ்கீம்ஸ்) என்ற தனிப் பிரிவில் கேட்க வேண்டும்.

பணம் பத்து வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அப்படிப் போனாலும் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு 25 வருடம் வரை கேட்கலாம், கேட்க வேண்டிய இடம் அதே இன்சூரன்ஸ் கம்பெனிதான்.

எங்களிடம் கேட்டவை: இறப்புச் சான்றிதழ், பாண்டு தொலைந்ததற்கு உறுதிப் பத்திரம், அம்மாவின் ஆதார், கேன்சல் செய்த காசோலை. முதிர்வு அப்பா இருக்கும்போதே வந்துவிட்டதால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் கேட்டார்கள். இழுத்தது அது ஒன்றுதான், நடுவில் ஊரடங்கு வேறு. வட்டி எல்லாம் சேர்த்தும் முப்பதாயிரத்தைத் தொடவில்லை. அம்மா அந்தப் பணத்தை எடுக்கவே இல்லை. பாஸ்புக்கில் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் "மில்லு" என்று எழுதி வைத்திருக்கிறார்.