படர்தாமரை, தேமல், சேற்றுப்புண்: களிம்பு பூசுவோரின் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முறையீடுதான்: களிம்பு பூசினேன், போனது, மறுபடியும் வந்துவிட்டது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: தொடை இடுக்கில் வந்த படர்தாமரைக்கு க்ளோட்ரிமசோல் களிம்பு பூசினேன். ஐந்து நாளில் அரிப்பு நின்றதால் நிறுத்திவிட்டேன். இரண்டே வாரத்தில் திரும்பிவிட்டது. மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, நாட்கணக்கை. அரிப்பு என்பது பூஞ்சைக்கு எதிராக உங்கள் தோல் காட்டும் எதிர்ப்பு. பூஞ்சை கொஞ்சம் ஒடுங்கியதுமே அது அடங்கிவிடும், ஆனால் தோலின் இறந்த மேலடுக்கில் பூஞ்சை இழைகள் அப்போதும் உயிரோடு இருக்கும். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்றவை பூஞ்சையின் செல்சுவருக்கு உட்புறமுள்ள சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து, முக்கியமாக அதன் வளர்ச்சியை நிறுத்துகின்றன. பழைய மேலடுக்கு உதிர்ந்து புதியது வரும் வரை அந்தத் தடை நீடிக்க வேண்டும். அதனால்தான் 1% க்ளோட்ரிமசோலை நாளைக்கு இரு வேளையாக 2 முதல் 4 வாரம் வரை பூசச் சொல்கிறோம். புண் மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர்வது நல்லது. டெர்பினாஃபின் 1% களிம்பு இவ்வகைப் பூஞ்சையைக் கொல்லக்கூடியது என்பதால் பொதுவாக 1 முதல் 2 வாரம் போதும்.

பூசும் இடத்திலும் பலர் தவறுகிறார்கள். படர்தாமரை வெளிநோக்கிப் படர்வது. நடுப்பகுதி தெளிந்து, சிவந்து செதில் படிந்த ஓரத்தில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கும். நடுவில் மட்டும் தடவாமல், ஓரத்தையும் அதற்கு வெளியே நல்ல தோலாகத் தெரியும் 2 சென்டிமீட்டர் அளவையும் சேர்த்துப் பூச வேண்டும். 4 வாரம் ஒழுங்காகப் பூசியும் குறையவில்லை என்றால், நீங்களாக வேறொரு களிம்புக்குத் தாவாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால், அது பூஞ்சைதானா என்பதே பல நேரம் தெளிவாகிவிடும். டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத பூஞ்சை வகைகளும் இப்போது பரவி வருகின்றன.

கேள்வி: ஒரு வேளைக்கு எவ்வளவு களிம்பு எடுக்க வேண்டும்?

பதில்: ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, சில நிமிடம் உலரவிட்டு மெல்லியதாகத் தடவினால் போதும். வெள்ளையாக அப்பிக்கொள்வதால் விரைவில் குணமாகாது, இடுக்குகளில் ஈரம்தான் தங்கும்.

கேள்வி: மருந்துக் கடையில் வாங்கிய ஒரு களிம்பு இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்டது. மூன்று மாதமாக விட்டுவிட்டுப் பூசுகிறேன். இப்போது புண் பெரிதாகி, தொடையில் வரி வரியாகக் கோடுகள் விழுந்துள்ளன.

பதில்: இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. குழாயின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற பெயர் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் மளமளவென்று அடக்கிவிடும். அதே வேளையில் அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலையும் அடக்குவதால், பூஞ்சை சத்தமின்றிப் படரும். வளையத்தின் வடிவமே கலைந்து, மருத்துவரும் எளிதில் அடையாளம் காண முடியாதபடி நோய் உருமாறிவிடும். நீங்கள் சொல்லும் கோடுகள் தோல் மெலிந்ததன் அறிகுறி. அவை காலப்போக்கில் மங்கலாம், முழுதாக மறைவது அரிது. தோல் மருத்துவரை விரைவில் பாருங்கள், அந்தக் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டை நிறுத்தியதும் சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடக்கூடும். அதற்குப் பயந்து மீண்டும் அதையே தேடிப் போகாதீர்கள். உங்களுக்கு மாத்திரையும் தேவைப்படலாம்.

கேள்வி: ஆறு வயது மகனின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் படிந்துள்ளது. இதே களிம்பைப் பூசலாமா?

பதில்: களிம்பு மட்டும் போதாது. பூஞ்சை முடியின் வேர்வரை இறங்கியிருக்கும், களிம்பு அங்கே எட்டாது. உட்கொள்ளும் மருந்து வேண்டும். நகம் தடித்து மஞ்சளானவர்களுக்கும் பெரும்பாலும் இதே பதில்தான்.

கேள்வி: தேமலுக்கு மருந்து பூசி ஒரு மாதமாகிறது. வெள்ளைத் திட்டுகள் அப்படியே இருக்கின்றன.

பதில்: திட்டைச் சற்று இழுத்துப் பிடித்தோ நகத்தால் லேசாகச் சுரண்டியோ பாருங்கள். மாவு போன்ற செதில் எழவில்லை என்றால் பூஞ்சை அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நிறம் திரும்புவதற்கு மட்டும் சில மாதங்கள் ஆகும். மருந்தைத் தொடர்வதால் நிறம் விரைந்து வராது.

கேள்வி: இதயச் சிகிச்சைக்குப் பின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறேன். வெளிப்பூச்சுதானே, எதையும் பூசலாம் அல்லவா?

பதில்: மைக்கோனசோலை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள். வாயில் தடவும் ஜெல்லானாலும் தோலில் பூசும் களிம்பானாலும், அது உடலுக்குள் சேர்ந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவை உண்டாக்கியதுண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எந்தக் களிம்பானாலும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். பிறப்புறுப்பில் பூசும் க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் களிம்புகள் லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூசிய இடம் கொப்பளித்தாலோ, எரிச்சல் நாளுக்கு நாள் கூடினாலோ நிறுத்திவிடுங்கள். அது ஒவ்வாமையாக இருக்கலாம்.

கேள்வி: எனக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் உண்டு, தொடை இடுக்கிலும் அடிக்கடி வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, பல நேரம் இரண்டும் ஒரே பூஞ்சைதான். சேற்றில் கால் வைக்காதவர்களுக்குச் சேற்றுப்புண் வராது என்று நினைக்கிறார்கள். நாள் முழுதும் மூடிய காலணி அணிபவர்களிடம்தான் நான் அதை அதிகம் காண்கிறேன். உள்ளாடையைக் காலில் நுழைக்கும்போது விரலிடுக்கின் செதில் துணியில் ஒட்டி மேலே ஏறுகிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே காலத்தில் மருந்து பூசுங்கள். காலுறையை முதலில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு உள்ளாடையை அணியுங்கள். காலைத் துடைத்த துண்டால் வேறெங்கும் துடைக்காதீர்கள், அந்தத் துண்டை வீட்டில் வேறு யாருக்கும் தராதீர்கள்.